இணையத்தில் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தின் கணினிப் பிரிவில் உதவிக்கு இருப்பதால் தேடல் பற்றிய சந்தேகங்கள் தினமும் என்னிடம் வருகின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான், வேறு வேறு ஆட்களிடமிருந்து. அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. கூகுள்ல ஒரு வார்த்தையைப் போட்டதும் அது இணையம் முழுக்கப் போய்த் தேடிட்டு வருதா?

இல்லை. தேடுபொறியின் நிரல்கள் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஊர்ந்துபோய், படித்ததையெல்லாம் முன்கூட்டியே ஒரு பெரிய அட்டவணையாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு சொல்லடைவு இருக்குமே, அதைப் போன்றது. நீங்கள் தேடும்போது புரட்டப்படுவது அந்த அட்டவணைதான்.

இணையத் தேடலின் முன்னோடி என்றால் 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி. அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே பட்டியலிட்டு வைத்திருந்தது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, கொடுத்தவை எவ்வளவு முக்கியமானவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தியது. இன்று வரிசையைத் தீர்மானிக்கும் காரணங்கள் இன்னும் எத்தனையோ. ஆனால் அட்டவணையில் ஏறாத பக்கம் இன்றும் முடிவில் வராது. வரிசை என்பது இன்றும் இயந்திரத்தின் கணிப்புதான்.

2. முழுசா கேள்வியா எழுதணுமா, ரெண்டு மூணு வார்த்தை போதுமா?

நீங்கள் தேடும் விடை எங்கோ ஒரு பக்கத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் என்னென்ன சொற்களைப் பயன்படுத்தியிருப்பார்? அந்தச் சொற்களைத் தட்டுங்கள். இந்தத் தொகுப்பில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. பின்னால் வரும் விடைகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

நிலவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது போன்ற பொதுவான கேள்விகளை வாக்கியமாகவே கேட்கலாம், தேடுபொறி புரிந்துகொள்ளும். கொஞ்சம் அபூர்வமான விஷயம் என்றால் வாக்கியம் இடைஞ்சல். "என் லேப்டாப் திடீர்னு நீலமா ஆகி நின்னுடுது, ஏன்" என்று கேட்பதைவிட, லேப்டாப்பின் மாடல் எண்ணையும் அந்த நீலத் திரையில் வந்த பிழைச் செய்தியையும் எழுத்து மாறாமல் தட்டுங்கள். அந்தப் பிழையைத் தீர்த்தவர் தன் குறிப்பில் அதைத்தான் எழுதியிருப்பார்.

3. எனக்கு அதோட பேரே தெரியலை. பேர் தெரியாததை எப்படித் தேடுறது?

இரண்டு சுற்றாகத் தேட வேண்டும். முதல் சுற்று பெயரைக் கண்டுபிடிக்க. இரண்டாவது சுற்றுதான் விடைக்கு.

ஓர் உதாரணம். கண் இமை சில நாட்களாகத் தானாகத் துடிக்கிறது என்று ஒருவர் வந்தார். அதே சொற்களைப் போட்டபோது வந்தவை மேலோட்டமான பக்கங்கள், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை. அவற்றை முழுதாகப் படிக்கவில்லை. மருத்துவர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் கண்ணை ஓட்டினோம். மூன்றாவது பக்கத்தில் "மயோகிமியா" என்ற சொல் அகப்பட்டது. அதை ஆங்கிலத்தில் தட்டியதும் மருத்துவமனைகளின் பக்கங்களும் கண் மருத்துவர்களின் கட்டுரைகளும் வந்தன. தூக்கக் குறைவு, மன அழுத்தம், காபி போன்றவற்றிலுள்ள கஃபீன் ஆகியவை தூண்டலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்பது தெளிவாக இருந்தது.

எந்தத் துறையானாலும் வழி இதுதான். இயந்திரத்தின் உதிரிப் பாகம், சட்டத்தின் ஒரு பிரிவு, ஒரு பூச்சி என எதுவானாலும் அந்தத் துறைக்காரர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று முதலில் பிடியுங்கள். பொருள் கையில் இருந்தால் படம் எடுத்தும் பெயரைத் தேடலாம். அதற்குக் கேள்வி 13ஐப் பாருங்கள்.

4. தமிழ்ல தேடுறது நல்லதா, இங்கிலீஷ்ல தேடுறது நல்லதா?

விடை எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். தமிழ் இலக்கணம், இலக்கியம், தமிழ்ப் பதிப்புகள் என்றால் தமிழில். மென்பொருள் பிழை, ஆய்வு முடிவு, ஒரு கருவியின் கையேடு என்றால் ஆங்கிலத்தில் கிடைப்பது பல மடங்கு அதிகம். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் தயங்க வேண்டாம். தேடலுக்கு இலக்கணம் தேவையில்லை, நாலு பெயர்ச்சொல் போதும். வந்த பக்கத்தை உலாவியே தமிழுக்கு மாற்றிக் காட்டும்.

தமிழில் தேடும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் வேற்றுமை ஏறினால் உருமாறும்: கிணறு, கிணற்றில், கிணற்றுக்கு. இவை எல்லாம் ஒரே சொல் என்பதைத் தேடுபொறி எப்போதும் கண்டுகொள்வதில்லை. ஒரு வடிவத்தில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். ஒற்று மிகுவதும் அப்படித்தான். "தமிழ் பாடல்" என்று எழுதியவரும் உண்டு, "தமிழ்ப் பாடல்" என்று எழுதியவரும் உண்டு. மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால் ஒன்று இன்னொன்றைக் காட்டாது.

பிறமொழிச் சொற்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சாஃப்ட்வேர், சாப்ட்வேர், மென்பொருள் மூன்றையும் முயன்று பாருங்கள். கணினி என்பதுதான் சரி என்றாலும், கணிணி என்று தப்பாக எழுதிய நல்ல கட்டுரைகளும் இருக்கின்றன. பாடல் வரி, காணொளி போன்றவற்றுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்ப்பதும் பலன் தரும், ஏனென்றால் ஏற்றியவர்கள் பலர் தலைப்பை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

5. பல வருஷத்துக்கு முன்னாடி படிச்ச தமிழ்ப் பக்கம் ஒண்ணு. வரி கூட ஞாபகம் இருக்கு. தேடினா வரவே மாட்டேங்குதே?

அந்தப் பக்கம் பழைய எழுத்துருவில் இருக்கலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோட் பரவலாவதற்கு முன்பு டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதினோம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருந்தவை வேறு குறிகள். யூனிகோடில் நீங்கள் தட்டும் "அ"வும் அந்தக் கோப்பில் இருக்கும் "அ"வும் தேடுபொறிக்கு வேறு வேறு. இன்னொரு காரணம், ஸ்கேன் செய்த புத்தகங்கள். பக்கம் வெறும் படமாக இருந்தால் அதில் தேடுவதற்கு எழுத்தே இல்லை.

இந்த நிலையில் வரியை விட்டுவிட்டு நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் தேடுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய இணைய நூல் சேகரிப்புகளின் உள்ளேயே போய்ப் பட்டியலைப் பார்ப்பது வெளியிலிருந்து தேடுவதைவிட நல்லது.

6. மேற்கோள்குறி, மைனஸ் இதெல்லாம் போட்டுத் தேடுறாங்களே, அது இப்பவும் வேலை செய்யுதா?

செய்கிறது. ஒரு சொற்றொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டால் அதே வரிசையில் அதே சொற்கள் உள்ள பக்கங்களைக் கேட்கிறீர்கள் என்று பொருள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். பைத்தான் என்று தேடி நிரல்மொழியாகவே வந்தால், "பைத்தான் -நிரல்" என்று போட்டால் பாம்பு வரும். இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் இடையில் ஆர் (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

பழைய குறிப்புகளைப் பார்த்துக் கூட்டல் குறி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூகுள் அதை 2011லேயே எடுத்துவிட்டது. ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றால் அந்த ஒற்றைச் சொல்லையே மேற்கோள்குறிக்குள் போடுங்கள். இதையெல்லாம் நினைவில் வைப்பது சிரமம் என்றால் மேம்பட்ட தேடல் என்றொரு படிவப் பக்கம் இருக்கிறது, கட்டங்களை நிரப்பினால் போதும்.

7. ஒரே ஒரு தளத்துக்குள்ள மட்டும் தேட முடியுமா?

முடியும். சைட் (site) என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேடுசொல். பல தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியைவிட இது நன்றாக வேலை செய்யும். முழு முகவரிக்குப் பதிலாக அதன் வால் (gov.in போல) மட்டும் கொடுத்தால், அரசுத் தளங்களில் மட்டும் அல்லது கல்வி நிறுவனங்களில் மட்டும் என்று சுருக்கலாம்.

இதே போல ஃபைல்டைப் (filetype) என்று தட்டி முக்காற்புள்ளி வைத்துப் பிடிஎஃப் என்று எழுதினால் பிடிஎஃப் கோப்புகள் மட்டும் வரும். நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். கையேடு, ஆண்டறிக்கை, பாடத்திட்டம், படிவம் போன்றவை பெரும்பாலும் பிடிஎஃப் ஆகவே ஏற்றப்படுகின்றன. விளம்பரத்துக்காக எழுதப்பட்ட பக்கங்கள் இந்த ஒரு நிபந்தனையில் பெருமளவு உதிர்ந்துவிடும்.

8. முதல்ல வர்றதுதானே சரியான பதில்? இல்லாட்டி ஏன் முதல்ல வைக்கிறாங்க?

மேலே இருக்கும் சில முடிவுகள் காசு கொடுத்து வாங்கிய இடங்கள். விளம்பரம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். முடிவுகள் வந்ததும் முதலில் அந்தச் சின்ன எழுத்தைத் தேடும் பழக்கம் வேண்டும். விளம்பரம் அல்லாதவற்றிலும் முன்னுக்கு வருவதற்கென்றே பக்கங்களை வடிவமைப்பது ஒரு தொழிலாக இருக்கிறது. அதில் தேர்ந்தவரின் பக்கம் மேலே நிற்கும், விஷயம் தெரிந்தவரின் பக்கம் இரண்டாம் பக்கத்துக்குப் போகும்.

எதையும் அழுத்துவதற்கு முன் ஒரு தடவை கீழே வரை போய் வாருங்கள். தலைப்பு, தளத்தின் முகவரி, அடியில் உள்ள இரண்டு வரிச் சுருக்கம் மூன்றையும் பார்த்து, யார் இதைச் சொல்ல உரிமை உள்ளவர் என்று தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். முப்பது விநாடி ஆகும். தவறான பக்கத்தில் பத்து நிமிடம் போவதைவிட அது குறைவு.

9. கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி எடுத்துத்தான் பேசினேன். அப்புறம் எப்படிப் பணம் போச்சு?

இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது, ஏனென்றால் இவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. மோசடிக்காரர்கள் நிறுவனத்தின் பெயரோடு தங்கள் எண்ணைப் பல பக்கங்களில் எழுதி வைக்கிறார்கள், விளம்பரம் கொடுக்கிறார்கள், வரைபடச் சேவைகளில் போலியாகப் பதிகிறார்கள். பதற்றத்தில் தேடுபவர் முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைக்கிறார். கேள்வி 8இல் சொன்ன வரிசைதான் இங்கே ஆயுதமாகிறது.

வங்கி, பணப் பரிமாற்றம், பயணச் சீட்டு ஆகியவற்றின் உதவி எண்ணைத் தேடி எடுக்கவே வேண்டாம். அட்டையின் பின்புறம், பில், அந்த நிறுவனத்தின் செயலி, நீங்களே முகவரியைத் தட்டித் திறந்த தளம் இவற்றிலிருந்து எடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஓடிபி கேட்டாலோ, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலோ, அந்த நொடியே துண்டியுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்யுங்கள்.

10. ஒரு தளம் நம்பகமானதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பார்க்க நல்லாத்தான் இருக்கு.

அந்தத் தளத்தை விட்டு வெளியே வாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வரலாற்று அறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் என 45 பேரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். படித்தவர்களே பலர் தளத்தின் தோற்றத்திலும் "எங்களைப் பற்றி" பக்கத்திலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. உடனே புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

அந்த ஆய்வில் வந்த இரண்டு பெயர்களைப் பாருங்கள்: அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். இரண்டுமே குழந்தை மருத்துவர் அமைப்புகள், இரண்டின் தளமும் நேர்த்தியானது. முதலாவது 1930இல் தொடங்கிய மாபெரும் அமைப்பு. இரண்டாவது கொள்கை வேறுபாட்டால் 2002இல் பிரிந்த சிறு குழு. இந்த வேறுபாடு தளத்துக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது, வெளியே ஒரே ஒரு தேடலில் தெரிந்துவிடும்.

11. பத்து தளத்துல ஒரே தகவல் இருக்கு. அப்ப உண்மையாத்தானே இருக்கணும்?

பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரு சாட்சிதான். 2008இல் ஓர் அமெரிக்க மாணவர், தென் அமெரிக்க விலங்கான கோட்டியைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில், அதற்குப் பிரேசில் ஆர்ட்வார்க் என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாக எழுதிவிட்டார். அப்படி ஒரு பெயரே கிடையாது. செய்தித்தாள்கள் அதை எடுத்தாண்டன, நூலிலும் ஏறியது. பிறகு அந்த வெளியீடே விக்கிப்பீடியாவில் ஆதாரமாகக் காட்டப்பட்டது.

ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காமல் பின்னோக்கிப் போங்கள். இவர் யாரிடமிருந்து எடுத்தார், அவர் யாரிடமிருந்து? முதல் அறிக்கை, முதல் ஆய்வு, நேரில் பார்த்தவரின் சொல் வரும் வரை போக வேண்டும். ஒரு வித்தியாசமான வாக்கியத்தை எடுத்து மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால் யார் யாரை நகலெடுத்தார்கள் என்பது வெளிச்சமாகிவிடும்.

12. அப்ப விக்கிப்பீடியாவையே நம்பக் கூடாதா?

நம்பிப் பயன்படுத்தலாம், ஆனால் அங்கேயே நிற்க வேண்டாம். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்கள்தான் அதன் உண்மையான செல்வம். மூல நூலுக்கும் அறிக்கைக்கும் அங்கிருந்து போகலாம். சர்ச்சைக்குரிய விஷயம் என்றால் உரையாடல் பக்கத்தையும் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். எந்த வரியில் சண்டை நடந்தது என்பது தெரியும்.

13. வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. நேத்து நடந்ததுன்னு போட்டிருக்கு. எப்படிச் சரிபார்க்கிறது?

படத்தையே தேடுசொல்லாகக் கொடுங்கள். கூகுள் லென்ஸ், பிங், டின்ஐ ஆகிய மூன்று தேடல் சேவைகளும் படத்தைக் கொடுத்தால் அதே படம் வேறு எங்கெங்கே வந்திருக்கிறது என்று காட்டும். டின்ஐயில் மிகப் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம், நமக்கு வேண்டியது அதுதான். நேற்றைய படம் என்று சொல்லப்பட்டது சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படம் ஒன்று உண்டு. 2011இல் ஐரீன் புயலின்போது பரவியது, 2017இல் ஹார்வி புயலின்போது புதிய ஊர்ப் பெயரோடு மறுபடி வந்தது. அந்தச் சுறா, சிறு படகில் போகும் ஒருவரைப் பின்தொடர்வதாக 2005இல் வெளியான ஒரு புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. படம் சிறிதாகவோ மங்கலாகவோ இருந்து ஒன்றும் அகப்படாவிட்டால், ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தேடுங்கள். பின்னணியில் உள்ள பலகை, கட்டடம், வண்டி எண் வடிவம் இவை இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

14. போன வாரம் போட்ட பக்கம்னு தேதி காட்டுது. உள்ளே இருக்கிறது பழைய கதையா இருக்கே?

புதியது என்று தோன்றுவதற்காகத் தேதியை மட்டும் மாற்றுகிற தளங்கள் இருக்கின்றன. பக்கத்துக்குள் குறிப்பிடப்படும் நிகழ்வு, மென்பொருளின் பதிப்பு எண், வாசகர் கருத்துகளின் தேதி இவற்றைப் பாருங்கள். தேடல் பக்கத்தில் கருவிகள் என்பதற்குள் கால எல்லை வைக்கும் வசதி உண்டு. பிஃபோர், ஆஃப்டர் என்று ஆங்கிலத்தில் தட்டி முக்காற்புள்ளிக்குப் பின் ஆண்டை எழுதினாலும் கூகுள் ஏற்கும்.

15. லிங்கை அழுத்தினா பக்கம் இல்லைன்னு வருது. அவ்வளவுதானா?

வேபேக் மெஷினில் பாருங்கள். 1996இல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் சேவை, 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் பழைய படிகள் எந்தெந்த நாளில் சேமிக்கப்பட்டன என்று நாள்காட்டியாக விரியும். ஓர் அறிவிப்பு பிறகு திருத்தப்பட்டதா என்று ஒப்பிடவும் இது உதவும். கூகுள் முன்பு காட்டிக்கொண்டிருந்த சேமித்த படி 2024இல் நிறுத்தப்பட்டதால் இப்போது இதுதான் முதல் வழி.

முக்கியமான பக்கம் ஒன்று கண்ணில் பட்டால் நீங்களே அதை அங்கே சேமிக்கலாம். ஆதாரமாகப் பிறகு தேவைப்படும் என்று தோன்றும் எதையும் அன்றே சேமித்துவிடுங்கள்.

16. நானும் என் நண்பரும் ஒரே வார்த்தையைத் தேடினோம். வேற வேற முடிவு வந்துச்சு. ஏன்?

இருக்கும் இடம், சாதனத்தின் மொழி, கணக்கில் பதிவான முந்தைய தேடல்கள் எல்லாம் முடிவைக் கொஞ்சம் அசைக்கும். மறைநிலைச் சாளரத்தில் தேடினால் கணக்கின் வரலாறு விலகும், ஆனால் நீங்கள் இருக்கும் இடம் உங்கள் இணைப்பின் ஐபி முகவரி வழியாகத் தெரியத்தான் செய்யும். இன்னொரு தேடுபொறியிலும் பார்ப்பது நல்லது. ஒன்று நினைவில் இருக்கட்டும்: டக்டக்கோ என்ற தேடுபொறி தன் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங் என்ற தேடுபொறியிடமிருந்து பெறுகிறது. இரண்டிலும் பார்த்தேன் என்பது இரண்டு இடத்தில் பார்த்ததாகாது.

17. எதைத் தேடினாலும் நான் நினைச்சதுதான் சரின்னு வருது. அப்ப நான் நினைச்சது சரிதானே?

கேள்வி 2ஐ மறுபடி பாருங்கள். நீங்கள் தட்டும் சொற்களை எழுதியவர்கள்தான் உங்களுக்கு விடை சொல்ல வருவார்கள். "மைக்ரோவேவ் அடுப்பு ஆபத்துகள்" என்று தட்டினால், ஆபத்து உண்டு என்று நம்பி எழுதியவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆபத்து இல்லை என்று அறிந்த இயற்பியலாளர் தன் கட்டுரைக்கு அந்தத் தலைப்பை வைத்திருக்க மாட்டார். "மைக்ரோவேவ் கதிர்வீச்சு அயனியாக்கம்" என்று இயற்பியலாளர் புழங்கும் சொற்களில் தேடினால் வேறு ஓர் உலகம் திறக்கும். நடுநிலையான சொல்லில் ஒருமுறை, உங்கள் கருத்துக்கு நேர் எதிரான சொல்லில் ஒருமுறை தேடிவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. மைக்கேல் கோலெபியவ்ஸ்கி, டானா பாய்டு என்ற ஆய்வாளர்கள் 2018இல் தரவு வெற்றிடம் என்று ஒன்றை விளக்கினார்கள். ஒரு குழு மட்டுமே புழங்கும் புதிய சொல்லைத் தேடினால், அந்தக் குழு எழுதியதைத் தவிர வேறெதுவும் வராது, மறுப்பு எழுத யாரும் அந்தச் சொல்லை இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள். "இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், உண்மை தெரியும்" என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லைத் தவிர்த்து வேறு சொற்களில் தேடுங்கள்.

18. உடம்புக்கு ஏதாவதுன்னா தேடிப் பார்க்கலாமா? தேடினா பயம்தான் வருது.

அறிகுறியைத் தேடினால் பயம் வரும். தலைவலி என்று தட்டினால் சாதாரணக் காரணமும் மூளைக்கட்டியும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும், எது எவ்வளவு அபூர்வம் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. உங்கள் வயது, முந்தைய நோய், பரிசோதனை முடிவு எதுவும் அதற்குத் தெரியாது. மருத்துவரைப் பார்த்த பிறகு அவர் சொன்ன நோயின் பெயரையோ மருந்தின் பெயரையோ எழுத்து மாறாமல் தேடுவது பயனுள்ளது. அடுத்த சந்திப்பில் நல்ல கேள்விகள் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் ஆகியவை எளிய மொழியில் எழுதுகின்றன. ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்றால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம்.

கேள்வி 3இல் வந்த கண் துடிப்பு சில வாரங்கள் நீடித்தால் தேடலை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் தேடலே கூடாது.

19. இப்பத்தான் ஏஐ வந்துடுச்சே, கேட்டா நேரா பதில் சொல்லுது. இனி எதுக்குத் தேடணும்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்விதான் அதிகம். இந்த ஏஐ கருவிகள் சரளமாக எழுதும். ஆனால் சரியானதையும் இல்லாததையும் ஒரே தொனியில் எழுதும். 2023இல் நியூயார்க்கில், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. இவை உண்மையானவையா என்று அதனிடமே கேட்டபோது ஆம் என்றிருக்கிறது. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நான் சொல்வது இது: அதனிடம் சொற்களைக் கேளுங்கள். "இந்தப் பிரச்சினைக்குத் துறைக்காரர்கள் என்ன பெயர் சொல்வார்கள், எந்தச் சொற்களில் தேடலாம்" என்று கேட்டால் கேள்வி 3இல் சொன்ன முதல் சுற்றை அழகாக முடித்துத் தரும். இணைப்புகளோடு விடை தந்தால், இணைப்பைத் திறந்து அந்த வரி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட பக்கமானால் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி அதற்குள் தேடலாம்.

20. எவ்வளவு தேடியும் கிடைக்கலை. எப்போ நிறுத்துறது?

மூன்று வேறு சொற்றொடர், இரண்டு மொழி, இரண்டு தேடுபொறி பார்த்தாகிவிட்டது, ஒரே பக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் பொதுத் தேடலை நிறுத்துங்கள். கேள்வி 1இல் சொன்ன அட்டவணையில் அது ஏறாமலே இருக்கலாம். நூலகப் பட்டியல்கள், ஆவணக் காப்பகங்கள், நீதிமன்றத் தரவுத்தளங்கள், கடவுச்சொல் கேட்கும் இதழ்கள் போன்றவற்றின் உள்ளடக்கம் பெரும்பாலும் வெளியிலிருந்து தெரியாது. அந்தத் தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று தேடி, உள்ளே போய் அதன் சொந்தப் பெட்டியில் தேட வேண்டும்.

இணையத்தில் இல்லவே இல்லாத விஷயங்களும் ஏராளம். அதற்கு ஆளைத்தான் தேட வேண்டும். அந்தத் துறையில் கட்டுரை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு நூலகரிடம் ஒரு கேள்வி. கேட்கும்போது என்னென்ன சொற்களில் தேடினீர்கள், எங்கெங்கே பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் முதலில் திருப்பிக் கேட்கப்போவது அதைத்தான்.